சுறாவின் வாசலை மறித்தவர்

அந்தக் காணொளியின் வலது ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் இரண்டு நீச்சல் துடுப்புகள் வந்து போகும். அவை என் காலில் இருந்தவை. அதை வெளியிட என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. துள்ளலான இசையைச் சேர்த்து, "நம்மோடு நடனமாடும் சுறா" என்று மேலே எழுதி, எங்களை லட்சத்தீவுக் கடலுக்குள் அழைத்துப்போன ஸ்கூபா நிறுவனம் அதைத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறது. அந்தச் சுறா நடனமாடவில்லை. தன் குகைக்குள் திரும்பிப் போக வழி தேடிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்து பார்த்தவள் நான். நாட்குறிப்பில் அன்றைக்கே எழுதிவிட்டேன் என்றாலும், இந்தக் காணொளி வந்தபிறகு, நடந்ததை நடந்த வரிசையில் இன்னொரு முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆசை என்னுடையது அல்ல, என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை. திருப்பூணித்துறையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தெட்டு வயதில் தேவராவில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து, பத்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து தண்ணீர் குடித்து நீச்சல் கற்றுக்கொண்டவள். அதன்பிறகு அவளுக்கு ஒரே நினைப்பாகிவிட்டது: ஒரு சுறாவை உயிரோடு, அதன் இடத்திலேயே பார்க்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் மேல் கிடக்கும் சுறாக்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வாய் பிளந்து, கண் மங்கி, துடுப்பு அறுபட்டுக் கிடக்கும். அது சுறா இல்லையாக்கும், சுறாவோட மிச்சம் என்பாள்.

தனியாக அனுப்ப வீட்டில் யாருக்கும் மனமில்லை. ஆகவே நானும் குளத்தில் இறங்கி, ரெகுலேட்டரைப் பல்லில் கடித்து மூச்சு விடவும், முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றவும் கற்றுக்கொண்டேன். மட்டாஞ்சேரியில் இந்தச் செய்தி பரவியதும் ஆளாளுக்குச் சிரித்தார்கள். நம் ஆத்தில் இதுவரைக்கும் குருவாயூர்க் குளத்தைத் தாண்டி யாரும் முங்கினதில்லை என்றார் என் கணவர். எங்கள் தெருவழியாகக் கூடை சுமந்து போகும் மீன்காரச் சேச்சி மட்டும் தைரியம் சொன்னாள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மீனைத் தின்னாதவர்கள், ஆகவே மீன்களுக்கும் எங்கள்மேல் வழக்கு ஒன்றும் இருக்காது என்பது அவள் கட்சி.

சிரிப்புக்கு நடுவில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். நாத்தனாருக்குக் காது பலவீனம். காது மருத்துவர் அவளிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: ஒரு பயணம் போய் வாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆழத்தின் அழுத்தம் இந்தக் காதுக்கு மறுபடி மறுபடி ஆகாது. ஆகவே அவள் சுறாவைப் பார்ப்பதானால் இந்தப் பயணத்தில்தான் பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு நான் நடந்துகொண்டேன் என்று பின்னால் சிலர் பேசினார்கள். ஒரு கணமும் மறக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது மட்டாஞ்சேரியில், சுற்றுலாக்காரர்களை நடத்திக்கொண்டு வரும் தெருக்களில் ஒன்று. என் கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுப்பார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம்கூட மெதுவாகத்தான் வைப்போம். ஆனால் வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துவந்து, எங்கள் ஜன்னல் கம்பியைத் தட்டி, உள்ளே கைகாட்டி, பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் பழைய வீடு என்று உரத்த குரலில் விளக்குவார்கள். ஒருமுறை நான் கோலத்தைப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது ஒரு வழிகாட்டி வந்தார். வெள்ளைக்காரர்கள் சிலர் பின்தங்கிவிட்டார்களாம், அவர்களுக்காக அதை அழித்துவிட்டு முதலிலிருந்து போட முடியுமா என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். நான் மிளகுக் கிடங்கில் மாதிரிகளைச் சோதித்துத் தரம் எழுதும் வேலை பார்ப்பவள், எனக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் அதையும் மொழிபெயர்த்துக் கூட்டத்துக்குச் சொன்னார். அவர்கள் என்னைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாத்தனாருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவள் வந்திருக்கும் நாட்களில் ஜன்னலுக்கு வந்து நின்று கையசைப்பாள்.

கொச்சியிலிருந்து கப்பலில் போனோம். மழைக்காலம் தொடங்குமுன் படகுகள் ஓடும் கடைசி நாட்கள் அவை. முதல் இரண்டு முறை ஆழமில்லாத இடங்களில் இறங்கினோம். ஆமையும் கிளிமீன்களும் பார்த்தோம், சுறா இல்லை. சுறாக்கள் தங்கும் பாறைக்குக் கடைசி நாளில்தான் படகு போகும் என்றார்கள். அதில் நாங்கள் இருவர், பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி, வழிகாட்டி, படகோட்டி. அவ்வளவுதான். வழிகாட்டி கொச்சிக்குப் பக்கத்துக் கிராமமான கும்பளங்கிக்காரர், முப்பது வயதுக்குள். விருந்தாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். என் சிலிண்டரின் பட்டையை அவரே இழுத்துச் சரிபார்த்தார்.

படகு நின்றதும் அவர் எங்களை உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். சுறாவைத் தொடக் கூடாது. துரத்தக் கூடாது. இரை காட்டக் கூடாது. அது அதன் வீடு, நாம் விருந்தாளிகள். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர்தான் சொன்னார், நான் சேர்க்கவில்லை. பிறகு கைச்சைகைகளைச் சொன்னார். கட்டைவிரலை மேலே காட்டினால், மேலே போக வேண்டும் என்று அர்த்தம். யார் காட்டினாலும், என்ன காரணமானாலும், காட்டியவரை ஏன் என்று கேட்கக் கூடாது. வழிகாட்டி ஒருவர்தான் என்பதால் ஒருவர் ஏறினால் எல்லாரும் ஏற வேண்டும். நாத்தனார் டீச்சர் என்பதால் எல்லாவற்றையும் திருப்பி ஒப்பித்துக் காட்டினாள்.

இறங்கினோம். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய பவழப் பாறை; அதன் அடியில் தாழ்வாரம்போல ஒரு வெட்டு. உள்ளே மணல் தரையில் அது படுத்திருந்தது. சாம்பல் நிறம். முதுகுத் துடுப்பின் நுனியில் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை. நீளம் என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இந்த வகைச் சுறா இரவில்தான் இரை தேடும், பகலில் தூங்கும் என்று படகில் வழிகாட்டியே சொல்லியிருந்தார். அதன் செவுள்கள் மட்டும் மெல்ல அசைந்தன. இரவு வேலை முடித்து வந்து தூங்குகிறவர்களின் விலா அசைவது போலத்தான் இருந்தது.

பயம் இருக்கவில்லை. மூச்சைக்கூட நான் மெதுவாக விட்டேன். நாத்தனார் எங்களுக்குப் பின்னால், ஒரு பாறை முனைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அங்கிருந்து அவளுக்குக் குகையோ அதன் முன்பக்கமோ தெரியாது. இடம் குறுகல் என்பதால் ஒவ்வொருவராக வந்து பார்க்க வேண்டும். முதலில் தம்பதி, பிறகு நான், கடைசியில் அவள் என்று வரிசை வைத்திருந்தார் வழிகாட்டி.

தம்பதியின் கேமராவுக்குக் குகைக்குள் வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது. அந்த இளைஞன் கையை ஆட்டி ஏதோ காட்டினான். வழிகாட்டியிடம் ஓர் எஃகுக் குச்சி உண்டு. சிலிண்டரைத் தட்டி எங்களைக் கூப்பிடுவதற்கு வைத்திருப்பது. அவர் அந்தக் குச்சியைக் குகைக்குள் நீட்டி, தூங்கிக்கொண்டிருந்த அந்த உயிரின் விலாவில் குத்தினார். ஒருமுறை அல்ல.

சுறா துடித்து வெளியே வந்தது. வந்த வேகத்தில் பாறையில் உரச, மணல் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் குகையை நோக்கி வந்தது. அதற்குள் வழிகாட்டி நகர்ந்து, முதுகைப் பாறையில் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து, குகையின் வாயை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். சுறா அவர் முகத்துக்கு நேரே வந்து, விலகி, சுற்றி, மறுபடி வந்தது. மறுபடி விலகியது. அந்த இளைஞன் படம் எடுத்தான். பிறகு அவன் மனைவி சுறா சுற்றும் வழியில் போய் நின்று இரண்டு விரலைக் காட்டினாள், அவளையும் எடுத்தான். வழிகாட்டி தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினார். இது அவருக்குப் பழக்கமான வேலை என்பது நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

நான் கட்டைவிரலை மேலே காட்டினேன்.

அவர் விரலை வளையமாக்கி, எல்லாம் சரிதானே என்று கேட்டார். காரணம் கேட்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். நான் மறுபடி கட்டைவிரலைக் காட்டினேன். என் காற்று அளவு மானியைச் சுட்டிக்காட்டினார். காற்று வேண்டிய மட்டும் இருந்தது. பிறகு உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்: ஒரு நிமிஷம், பொறுங்கள். பாறை முனையைத் தாண்டி நாத்தனார் அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். அவள் முறை. அது எனக்குத் தெரியும். இரண்டு கையின் கட்டைவிரலையும் அவர் முகமூடிக்கு முன்னால் காட்டினேன்.

வேறு வழியில்லாமல் அவர் குகையை விட்டு நகர்ந்தார். நகர்ந்த அடுத்த மூச்சில் சுறா அவரைக் கடந்து உள்ளே போனது. வாலின் நுனி இருட்டுக்குள் மறைந்ததை நான் பார்த்தேன். நாத்தனார் பார்க்கவில்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே போகும் வழியில் ஐந்து மீட்டரில் நின்று உடம்பைப் பழக்க வேண்டும். ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கொடியில் காயும் துணிபோல் தொங்கினோம். தண்ணீருக்குள் சண்டை போட வழியில்லை. அந்த இளைஞன் என்னை முறைத்தான். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனார் என் கையைப் பிடித்து, என் விரல் நகங்கள் நீலமாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாளில் எனக்கு உண்மையிலேயே வலித்தது அது ஒன்றுதான்.

படகில் ஏறியதும் முகமூடியைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"என்ன ஆச்சு மன்னி? மூச்சு முட்டித்தா?"

"ஒண்ணும் ஆகலை."

"பின்னே?"

"அவர் அதோட வாசல்ல நின்னு மறிச்சுண்டிருந்தார். அதுக்கு உள்ள போக முடியலை."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

அவள் முகமூடியைக் கழற்றினாள். முகத்தில் அதன் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. படகின் முன்பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த இளைஞனுக்குத்தான் வாய் ஓயவில்லை. கட்டைவிரல் என்பது ஆபத்துக்கு, கோபத்துக்கு இல்லை ஆன்ட்டி என்று ஆங்கிலத்தில் எனக்குப் பாடம் எடுத்தான். அது ஒரு மீன்தானே என்றான். என்ன காரணமானாலும் என்று சொன்னவர் இதோ இருக்கிறார், கேட்டுக்கொள் என்றேன். வழிகாட்டி சமாதானமாகத்தான் பேசினார். சுறா தெரியவில்லை என்றால் வந்தவர்கள் நிறுவனத்தைத் திட்டி எழுதுகிறார்கள், நிறுவனம் அவரைத் திட்டுகிறது. அதற்கு வலித்திருக்காது, தோல் கெட்டி என்றார். பிறகு, எனக்குப் புரியவைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, தன் வீட்டுக் கதையைச் சொன்னார்.

"சேச்சி, எங்க வீட்டுக்கும் டெய்லி டூரிஸ்ட் வரும். அம்மா அவங்களுக்குக் கயிறு திரிச்சுக் காட்டும். காட்டினதைப் பிரிச்சிட்டு, அடுத்த கூட்டத்துக்குத் திரும்பவும் திரிக்கும். அம்மா ஒண்ணும் பறஞ்சதில்லை. பார்க்க வந்தவங்களுக்குக் காட்டணுமல்லே?"

"உங்க அம்மாவுக்கு அதுக்குக் கூலி உண்டா?"

"உண்டு."

"களைச்சுப்போனா உள்ள போய்ப் படுப்பாளா?"

"படுக்கும்."

"அப்ப யாராவது வாசல்ல கையை விரிச்சுண்டு நிப்பாளா?"

அவர் குச்சியைத் துண்டால் துடைத்து அதன் உறையில் போட்டார். படகோட்டி ஏதோ நினைத்துச் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார்.

திரும்பும் கப்பலில் நான் கட்டிக்கொண்டுபோன புளியோதரையை நாத்தனார் தொடவில்லை. சாயாவும் பன்னும் வாங்கித் தின்றாள். கொச்சிக் கரை தெரிய ஆரம்பித்தபோது ஒரே ஒரு முறை பேசினாள்.

"உனக்கு அது நியாயம், மன்னி. எனக்கு அது ஒரே ஒரு தடவை."

அவள் இழப்பு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த இழப்பை என் கணக்கில் எழுதியது எப்படி நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. சுறா உள்ளே அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குச்சி நுழையாமல் இருந்திருந்தால், அவள் தன் முறைக்கு வந்து, அதைத் தூங்கும் கோலத்திலேயே, மனம் நிறையும் மட்டும் பார்த்திருப்பாள். அவளுடைய பார்வையைத் திருடியவர் வழிகாட்டி. ஆனால் குடும்பத்தில் எல்லார் வாயிலும் என் பெயர்தான் அடிபட்டது. ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது: கல்லெறிந்தவனை விட்டுவிடுவார்கள், கல் விழுந்தது என்று சத்தம் போட்டவளிடம் ஏன் சத்தம் போட்டாய் என்று கேட்பார்கள். என் கணவர்கூட, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, அவளும் பார்த்துவிட்டிருப்பாளே என்றார். தூக்கத்தில் ஜன்னலைத் தட்டினால் எழுந்துவந்து பல்லைக் கடிப்பவர் அவர். அதை நான் அவருக்கு நினைவூட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் காணொளி வந்தது. இளைஞன் எடுத்ததை நிறுவனம் வாங்கிப் போட்டிருந்தது. வழிகாட்டி நிற்கும் பகுதி வெட்டப்பட்டிருந்தது, குகையும் வெட்டப்பட்டிருந்தது. மிஞ்சியது சுற்றிச் சுற்றி வரும் சுறாவும், இசையும், என் துடுப்பும். அதன் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருக்கிறார்கள். நான் நிறுவனத்துக்கு எழுதினேன்: என்ன நடந்தது, அவர்களுடைய எந்த விதி எப்படி மீறப்பட்டது, அதை ஏன் நீக்க வேண்டும் என்று ஒழுங்காக எழுதினேன். உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கூப்பிய கைகளின் படம் ஒன்றும், அடுத்த முறை வந்தால் கட்டணத்தில் சலுகை என்ற செய்தியும் கூடவே வந்தன. மறுபடி எழுதினேன். அதே பதில், அதே கைகள். காணொளி இன்னும் இருக்கிறது.

மழை பிடித்தபிறகு ஒரு நாள் நாத்தனார் வந்தாள். அவள் அண்ணாவின் நட்சத்திரப் பிறந்தநாள். வராமல் இருக்க முடியாது. முந்தின சாயங்காலமே வந்துவிட்டவள், அடுக்களையில் எனக்கு உதவினாள். உப்பு எங்கே, பருப்பு எங்கே என்பதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. கணவர் வேலையிலிருந்து வந்து படுத்துவிட்டார். நான் தெருவில் இறங்கி, ஈரம் காய்ந்த இடமாகப் பார்த்துக் கோலம் போட்டு முடித்தேன். நிமிர்ந்தால், குடைகளோடு ஒரு கூட்டம். அவர்களை அழைத்துவந்த வழிகாட்டி எங்கள் வாசற்படியில் ஏறி, கதவுக்கு முதுகைக் காட்டி, நிலையின் மரவேலையைச் சுட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்து நின்றார். கோலமாவு டப்பாவோடு நான் கீழே நின்றேன். உள்ளே போக வேண்டும் என்று சொன்னேன். அவர் உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்.

"ஒரு மினிட்டு சேச்சி. அவிடேயே நில்லுங்க. போட்டோ எடுத்துக்கட்டும்."

நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் எழுதிய நான், டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் சொன்ன இடத்திலேயே நின்றேன்.

கதவு உள்பக்கம் திறந்தது. நாத்தனார் காபித் தம்ளரோடு நின்றாள். அண்ணா தூங்குகிறான் என்பதால் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சை அடக்குகிற குரல் அது.

"சேட்டா, வாசல்லேந்து மாறுங்கோ. மன்னி உள்ள வரணும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் படியிலிருந்து இறங்கியபோது கோலத்தின் ஒரு மூலையை மிதித்துவிட்டுத்தான் இறங்கினார். நான் உள்ளே போனேன். அவள் இரண்டு கதவையும் சத்தமில்லாமல் சேர்த்துத் தாழ் போட்டாள். தன் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனவள், வாசற்கால் பக்கம் நின்று திரும்பினாள்.

"இதனால நீ பண்ணினது சரின்னு ஆகாது, கேட்டயா."

"ஆகாது" என்றேன். அவளுக்கு ஆகாது, எனக்கு ஆகும். அதைச் சொல்லவில்லை.

அவள் அடுக்களைக்குள் போகாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தூங்கறச்சே அது எப்படி இருந்தது? முதல்லேந்து சொல்லு."

கணவர் எழுந்துவிடாதபடி தாழ்ந்த குரலில் நான் சொல்ல ஆரம்பித்தேன்: மணல் தரை, சாம்பல் நிறம், சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி அந்த நுனி, மெல்ல அசைந்த செவுள்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வெளியே, இந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று அந்த மனிதர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.